புத்தருக்கு உருவம் தகுமா?

சாஞ்சிப் பெருந்தூபியின் கிழக்குத் தோரணத்தில், நடு உத்திரத்தின்மீது, சித்தார்த்தர் அரண்மனையைத் துறந்து செல்லும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. நகர வாயிலினின்று குதிரை புறப்படுகிறது; தேவர்கள் சூழ்ந்து செல்கின்றனர்; குதிரைக்கு மேலே குடை கவிந்திருக்கிறது; முதுகிலோ ஒருவரும் இல்லை. வழிநடையின் படிகளைக் காட்டும் பொருட்டு அக்குதிரையே மீண்டும் மீண்டும் வருகிறது. பயணம் முடிந்த இடத்தில் இரண்டு பாதச் சுவடுகளும் அவற்றை வணங்கும் பாகனுமே காணப்படுகின்றனர். பிறகு குடையில்லாத குதிரை ஊர் திரும்புகிறது. யானையையும் யக்ஷியையும் மரக்கிளையையும் உயிர் ததும்ப வடித்த அச்சிற்பிகளுக்கு (விதிசை நகரத்துத் தந்த வேலைக்காரர்களும் அங்கே உழைத்தனர் என்று தெற்குத் தோரணத்துச் சாஸனம் கூறுகிறது) ஒரு ராஜகுமாரனின் மேனியைச் செதுக்கும் திறமை வாய்க்கவில்லை என்று எவரும் சொல்லத் துணியார்.

திறமைக் குறைவு அன்றெனின், அது தத்துவத்தின் கட்டளையாக இருக்கலாம். பரிநிர்வாணமடைந்த ததாகதர் இருக்கிறாரா, இல்லையா, இருந்தும் இல்லாமலும் இருக்கிறாரா, இரண்டும் அல்லவா என்ற நான்கு வினாக்களுக்கும் புத்தர் விடை கூற மறுத்ததாகப் பாலி நூல்கள் தெரிவிக்கின்றன. எவரைப் பற்றி ‘உண்டு’ என்றும் ‘இல்லை’ என்றும் சொல்லக் கூடாதோ, அவரைக் கல்லில் எவ்வாறு நிறுத்துவது? புத்தரின் உருவமின்றிப் போதிமரத்தையும் வெற்றாசனத்தையும் காட்டும் இத்தகைய சிற்பங்களிற் பல அவருடைய சரிதத்தையன்றிப் பிற்காலத்தார் புண்ணியத் தலங்களில் நிகழ்த்திய வழிபாட்டையே காட்டுவன என்று வாதிட்ட ஆராய்ச்சியாளரும் உண்டு. அவ்வாதம் போதிமரத்திற்கும் வெற்றாசனத்திற்கும் பொருந்தினும் பொருந்தலாம். ஆளேறாத குதிரைக்குப் பொருந்துவது அரிது.

இதே வினா எட்டாம் நூற்றாண்டில் பைஸாந்தியப் பேரரசை உலுக்கியது. சக்கரவர்த்தி மூன்றாம் லியோ திருவுருவங்களுக்கு விரோதமாகக் கிளம்பிய பொழுது, டமாஸ்கஸ் நகரத்து யோவான் அவற்றிற்காக வாதாடினார்: கண்ணுக்குப் புலனாகாத கடவுளை வரைதல் தகாதுதான், ஆயினும் அவரே மாமிசம் தரித்து மனிதராய் நடமாடிய பின், அந்த மனித வடிவை வரைவதில் குற்றம் என்ன? 787-இல் நிகேயாவில் கூடிய சங்கம் உருவங்களுக்கு வணக்கம் செலுத்தலாம் என்றும், ஆராதனை கடவுளுக்கே உரியது என்றும் வரையறுத்தது. எனினும் பூசல் மறுபடி மூண்டு, 843-இல்தான் ஓய்ந்தது. அங்கே, உருவற்றவர் உருவுள் இறங்கி வந்தமையால் சிற்றுளிக்கும் தூரிகைக்கும் அனுமதி கிடைத்தது; இங்கே, உருவுள்ளவர் உருவைக் கடந்து போனமையால் அவை தயங்கி நின்றன.

அத்தயக்கம் நிலைக்கவில்லை. குஷாண அரசர் காலத்தில், காந்தாரத்திலும் மதுராவிலும் புத்தர் மனித வடிவில் எழுந்தருளிவிட்டார். கனிஷ்கரின் பொற்காசொன்றில் அவருடைய உருவத்தோடு அவர் பெயரும் கிரேக்க எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இம்மாறுதலுக்குக் கிரேக்கக் கலையே காரணம் என்று பிரெஞ்சு அறிஞர் ஃபூஷே நிலைநாட்ட முயன்றார். கொழும்பில் பிறந்த தமிழ்த் தந்தையின் புதல்வராகிய ஆனந்த குமாரசுவாமி, 1927-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் அதை மறுத்து, மதுராவின் புத்தர் பழைய யக்ஷப் படிமங்களின் வழித்தோன்றல் என்றும், பக்தியின் தேவையே அவ்வடிவைப் பிறப்பித்தது என்றும் காட்டினார். வடிவம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதனை வேண்டிய நெஞ்சம் எது என்று வினவிய குமாரசுவாமியின் வழியே ஆழமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த நெஞ்சம் வேண்டியது ஒரு மனிதரின் சாயலை அன்று. உஷ்ணீஷமும் ஊர்ணமும் நீண்ட செவிகளும் மகாபுருஷனுக்குரிய பிற லக்ஷணங்களும் பூண்ட அம்மேனி, எந்தத் தாயும் பெற்றெடுத்த மேனியைப் போன்றதன்று. குப்தர் காலத்துச் சாரநாத்தில் தர்மசக்கர முத்திரையோடு வீற்றிருக்கும் புத்தர், நம்மைப் பாராது இமை தாழ்த்தியிருக்கிறார். அவர் ஆடையில் மடிப்பு ஒன்றும் இல்லை. ஓர் ஆளின் முகத்தைத் தேடிச் செல்பவனுக்கு அங்கே பிடிப்பதற்கு ஒன்றும் அகப்படாது. பண்டைச் சிற்பி ஆசனத்தில் வைத்த வெறுமையைப் பிற்காலச் சிற்பி மேனிக்குள்ளேயே வைத்துவிட்டான்.

பிரிட்டிஷ் மியூஸியத்திலுள்ள அமராவதிப் பலகை ஒன்று இதற்குச் சான்றாகிறது. அதன் ஒரு பக்கத்தில், கிறிஸ்துவுக்கு முற்பட்ட கையால், போதிமரமும் வெற்றாசனமும் வழிபடுவோரும் செதுக்கப்பட்டிருக்கின்றனர். சில நூற்றாண்டுகளுக்குப் பின் அதே கல்லைத் திருப்பி, மறுபக்கத்தில் ஒரு தூபியையும் அதன் வாயிலில் நிற்கும் புத்தரையும் வடித்தனர். புதிய பக்கத்தை வடித்தவர்கள் பழைய பக்கத்தைச் சிதைத்துவிடவில்லை.

அந்தப் பழைய பக்கத்தை உற்று நோக்கினால் வேறொன்றும் புலப்படும்: ஆளில்லாத அந்த ஆசனத்தின்முன்னும் அடியார்கள் கைகூப்பித்தான் நிற்கிறார்கள். பற்று என்பது விக்கிரகத்தை மட்டுமன்று, வெற்றிடத்தையும் பிடித்துக்கொள்ள வல்லது. ஆகையால் உருவத்தை நீக்கியமாத்திரத்தில் சிந்தை தூய்மையடைந்துவிடும் என்று எண்ணி உளியையும் சம்மட்டியையும் ஓங்கியவர்கள், உருவத்தோடு நின்றுவிட்டவர்களைப் போலவே, கல்லுக்கு இல்லாத ஆற்றலைக் கல்லுக்கு ஏற்றியவர்களே ஆவர். உருவம் தகுமா என்ற வினாவிற்குச் சிற்பியால் பாதி விடைதான் கூற முடியும். மற்றப் பாதி வணங்குபவனுடைய பொறுப்பு. அதை எந்தச் சங்கத்தின் தீர்மானமும் அவனுக்காக நிறைவேற்றித் தராது.