வியர்வைக்கு இரு விலை

உடல் வலிமை யாருக்கு உரியது என்று கேட்டால், உழைப்பவனுக்கே என்று நாம் தயங்காது விடை கூறுவோம். அவ்வலிமையின் பெருமை யாரைச் சென்றடைகிறது என்று கேட்டாலோ நம் விடை தடுமாறும்.

இங்கிலாந்தின் தேம்ஸ் நதிக்கரையில் ஹென்லி என்றோர் ஊர் உண்டு. அங்கு 1839-இல் தொடங்கிய படகுப் போட்டி உலகப் புகழ் பெற்றது. அதன் நிர்வாகிகள் 1879-இல் ஒரு விதி வகுத்தனர்: கைத்தொழிலாளரும் கூலியாளரும் போட்டியில் இறங்கலாகாது! உழைத்து உரமேறிய உடல், அமர்ந்து பணியாற்றும் கனவான்களின் உடலை எளிதில் வென்றுவிடும். அது நியாயமன்று என்பது அவ்விதியின் ஆதரவாளர் கூறிய நியாயம். ஏழைக்கு வாய்த்த ஒரே செல்வத்தையும் குற்றமாக்கிய விந்தையை என்னென்பது?

1920-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த ஜான் கெல்லி அப்போட்டிக்கு விண்ணப்பித்தார். செங்கல் அடுக்கும் கொத்து வேலை செய்தவர் அவர். விண்ணப்பம் தள்ளப்பட்டது. அவருடைய படகுக் கழகத்தின்மீது முன்பே இருந்த தடை ஒரு காரணம். கைத்தொழில் செய்தவர் என்பது மற்றொரு காரணம். அதே ஆண்டில் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றார். தந்தைக்கு மறுக்கப்பட்ட அதே போட்டியில் 1947-இல் மகன் வெற்றிவாகை சூடினார். அதற்குள் அந்த விதி நீங்கியிருந்தது. கெல்லியும் கட்டட ஒப்பந்தத் தொழிலில் பெருஞ்செல்வராகியிருந்தார்.

மற்றொன்றையும் எண்ணிப் பார்ப்போம். 1818-இல் வில்லியம் கியூபிட் என்னும் பொறியாளர் ஆங்கிலேயச் சிறைகளுக்காக மிதிசக்கரம் ஒன்றை அமைத்தார். கைதிகள் அதன் படிகளில் மணிக்கணக்காக ஏறிக்கொண்டேயிருப்பர். எங்கும் போய்ச் சேரமாட்டார்கள். அன்று தண்டனையாக இருந்த அந்த நடையின் உறவுமுறையான ஓடுபொறியில், இன்று வசதி படைத்தோர் கட்டணம் செலுத்தி ஓடுகின்றனர். கால்களின் அசைவு ஏறத்தாழ ஒன்றுதான். வேண்டும்போது நிறுத்திவிட்டு இறங்கும் உரிமையே இரண்டையும் வேறுபடுத்துகிறது.

உடலுழைப்பு நன்மையே செய்யும் என்றால் உழைப்பாளி நோயுறுவதேன் என்று சிலர் கேட்கக்கூடும். 1953-இல் மருத்துவர் ஜெர்ரி மாரிஸும் அவருடைய தோழர்களும் லண்டன் பேருந்துத் தொழிலாளரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அமர்ந்தே வண்டியோட்டியவரைவிட, மாடிப் பேருந்தில் ஏறியிறங்கிச் சீட்டு வழங்கிய நடத்துநரிடம் இதயநோய் குறைவாகக் காணப்பட்டது. உடலின் அசைவு நலம் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உழைப்புடன் உணவும் ஓய்வும் கூடினாலன்றி அந்நலம் நிலைக்காது. மூட்டை சுமப்பவருக்கு முதலாவது அளவுக்கு மேல் கிடைக்கிறது. மற்ற இரண்டும் அளவுக்குக் கீழேயே கிடைக்கின்றன.

செல்வர் தம் உடலைப் பேணுவதை நாம் குறைகூறவில்லை. அவருக்காக இன்னொருவர் வியர்வை சிந்த இயலாது. அந்த முயற்சி அவருடையதே. எனினும் அம்முயற்சிக்கு வேண்டிய நேரமும் நல்லுணவும் நிம்மதியான உறக்கமும் பொருளால் அமைந்தவை. இதனை மறந்து, கட்டான உடலை ஒழுக்கத்தின் சான்றாகவும் தளர்ந்த உடலைச் சோம்பலின் சான்றாகவும் கொள்வோமாயின், நாமும் ஹென்லியின் விதியையே நம் உள்ளத்தில் எழுதி வைத்தவர்களாவோம்.

பருத்த மேனியே செல்வத்தின் அடையாளம் என்று கருதிய காலமும் ஒன்று இருந்தது. இன்று மெலிந்த மேனி அவ்விடத்தைப் பிடித்திருக்கிறது. அடையாளம் மாறினாலும், அதைத் தீர்மானிக்கும் கைகள் மாறவில்லை.

ஆகவே, ஒருவரின் உடலைக் கண்டு அவரை எடைபோடுமுன், அந்த உடலுக்கு ஓய்வு கிடைத்ததா, வயிறார உணவு கிடைத்ததா என்று கேட்போம். நம்மிடம் வேலை செய்பவராயின், அக்கேள்விக்கு விடை கூறவேண்டியவரும் நாமே.