கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்

‘ஃப்ரீ சோலோ’ படத்தில் பாறையில் ஏறும் அலெக்ஸ் ஹானல்டைவிட, கீழே தரையில் நிற்கும் மைக்கி ஷேஃபர்தான் என் மனத்தில் தங்கிவிட்டார். ஒளிப்பதிவாளர். நீண்ட லென்ஸைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்திருக்கிறார். ஆபத்தான இடம் வரும்போது பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கேமரா ஓடுகிறது, அவர் பார்க்கவில்லை. இருக்கைகளில் சாய்ந்திருந்த நாங்கள் பார்த்தோம்.

மலை சாகசப் படங்களை ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு எழுதும் குறிப்புகள் இவை. இப்படிப்பட்ட மாலைகளுக்கு நீண்ட மரபு உண்டு. இத்தாலியின் ட்ரெண்டோவில் 1952 முதலும், கனடாவின் பான்ஃபில் 1976 முதலும் மலைப்படங்களுக்கென்றே விழா நடக்கிறது. பான்ஃப் படங்கள் பிறகு நாடு நாடாகப் பயணம் போகின்றன. பனியையே பார்த்திராதவர்களுக்கும் அந்த இருட்டில் உள்ளங்கை வியர்க்கிறது.

✻

எல் கேப்பிடன், கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் கருங்கல் சுவர். 2017 ஜூன் 3 அன்று ஹானல்ட் கயிறில்லாமல் அதில் ஏறி முடித்தார். 3 மணி 56 நிமிடம். அதற்கு முன் அதே பாதையில் கயிறு கட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப ஏறியிருந்தார். விரல் எங்கே, கால் எங்கே என்று ஒவ்வோர் அசைவையும் மனப்பாடம் செய்திருந்தார். ஓரிடத்தில் கட்டைவிரல் நுனி மட்டுமே பிடிக்கக்கூடிய சிறு விளிம்பு. அங்கிருந்து இடது காலை வீசி எதிர்ச்சுவரில் ஊன்ற வேண்டும். அந்த இடத்தில் மட்டும் ஆள் இல்லாமல், தொலைவிலிருந்து இயக்கும் கேமராக்களை வைத்தார்கள். அருகில் ஒரு மனிதர் மூச்சுவிடுவதுகூட அவர் கவனத்தைக் கலைத்துவிடலாம் என்ற அச்சம்.

இயக்குநர்களில் ஒருவரான ஜிம்மி சின்னும் மலையேறி, ஹானல்டின் நண்பர். சட்டகத்துக்குள்ளிருந்து நண்பன் விழுந்து மறைவதைத் தாங்களே படம்பிடிக்க நேருமோ என்ற கேள்வியைக் குழுவினர் கேமரா முன்னாலேயே பேசிக்கொள்கிறார்கள். படத்தின் உயிர் இந்தப் பேச்சில் இருக்கிறது. 2016 இலையுதிர்காலத்தில் ஹானல்ட் ஒருமுறை ஏறத் தொடங்கிப் பாதியில் இறங்கிவிடுகிறார். எல்லாரும் காத்திருக்க, இன்று வேண்டாம் என்று திரும்பும் துணிவு. எனக்கு உச்சியில் அவர் சிரித்ததைவிட அது பெரிதாகப்பட்டது.

அவர் மூளையை ஸ்கேன் செய்து, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா மற்றவர்களைப் போலத் தூண்டப்படுவதில்லை என்று படத்தில் காட்டுகிறார்கள். அந்தக் காட்சியில் எனக்கு ஈடுபாடு வரவில்லை. வருடக்கணக்கான பயிற்சியை ஓர் உறுப்பின் விந்தையாக ஏன் சுருக்க வேண்டும்?

✻

‘தி ஆல்பினிஸ்ட்’. மார்க்-ஆந்த்ரே லெக்லேர், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த இளைஞர். பனியிலும் பாறையிலும் தனியாக, பெரும்பாலும் யாருக்கும் சொல்லாமல் ஏறியவர். படக்குழு அவரைப் பின்தொடர்கிறது. அவரோ நடுவில் காணாமல்போகிறார். கனடிய ராக்கி மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரமான ராப்சனில், 3,954 மீட்டர், அதன் எம்பெரர் முகப்பில் தனியே ஏறிவிட்டார் என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரியவருகிறது. கேமராவோடு ஒருவர் கூட இருந்தால் அது தனியேற்றமே இல்லை என்பது அவர் விளக்கம்.

கோபித்துக்கொண்டு படத்தை நிறுத்திவிடாமல், அந்த இல்லாமையையும் இயக்குநர்கள் படத்துக்குள் வைத்தார்கள். அவர்கள்மேல் எனக்கு மதிப்பு உயர்ந்தது அங்கேதான். யாரும் பார்க்காத அந்த ஏற்றத்தை நான் அதிக நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பனிக்கோடரி பதியும் ஒலியைக் கேட்க அவரைத் தவிர ஒருவரும் இல்லை. சாட்சி வேண்டாத வேலை ஒன்றை நான் என் வாழ்க்கையில் செய்திருக்கிறேனா?

2018 மார்ச்சில் அலாஸ்காவின் மெண்டன்ஹால் சிகரங்களில் ரையன் ஜான்சன் என்ற தோழரோடு ஏறி, இறங்கும் வழியில் இருவரும் இறந்தார்கள். லெக்லேருக்கு வயது 25. அவருடைய தாய் பேசும் பகுதியில் அரங்கில் யாரோ அழுதார்கள். சாவு தெரிந்த பிறகு முந்தைய காட்சிகளின் அழகு மாறிப்போகிறது. அந்த மாற்றத்தை ரசிகர்களாகிய நாங்கள் எளிதாகப் பெற்றுக்கொள்கிறோம் என்பது என்னை உறுத்துகிறது.

✻

இந்தப் படங்களில் சுமப்பவர்களை அரிதாகவே பார்க்கிறோம். ஜெனிஃபர் பீடம் இயக்கிய ‘ஷெர்பா’ விதிவிலக்கு. 2014 எவரெஸ்ட் பருவத்தை ஷெர்பாக்களின் பக்கத்திலிருந்து படமெடுக்கப் போன குழு அது. ஏப்ரல் 18 அன்று கும்பு பனியருவியில் பனிச்சரிவு விழுந்து 16 நேபாளியர் இறந்தார்கள். பிறகு அந்தப் படம் சிகரத்தைப் பற்றியதாக இல்லை; யாருடைய உயிரை யார் விலைபேசுவது என்பதைப் பற்றியதாக ஆனது. மாலையின் படங்களில் இதற்குக் கைதட்டல் குறைவாகவே இருந்தது. இதைத்தான் முதலில் திரையிட்டிருக்க வேண்டும்.

✻

கடைசியாக, மிகப் பழையது: ஜான் நோயலின் ‘தி எபிக் ஆஃப் எவரெஸ்ட்’, 1924. மௌனப்படம். லென்ஸ் மிகத் தொலைவில் இருக்கிறது. மனிதர்கள் வெண்பரப்பில் கரும்புள்ளிகள். ஜூன் 8 அன்று அந்தப் பயணக்குழுவின் மலையேறிகள் மேலரியும் இர்வினும் உச்சியை நோக்கிப் போனார்கள், திரும்பவில்லை. தேடியவர்கள் நம்பிக்கை இழந்தபோது வடக்குக் கணவாயின் பனிமேல் போர்வைகளைச் சிலுவை வடிவில் விரித்தார்கள். கீழே காத்திருந்தவர்களுக்கு அதுதான் சேதி. இன்றைய கேமரா ஏறுபவரின் தலைக்கவசத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது, டிரோனாக அவரைச் சுற்றிவருகிறது. நோயலின் தூரம் இயலாமையால் வந்ததுதான். ஆனாலும் அதில் ஒரு மரியாதை இருக்கிறது.

மேலரியின் உடல் 1999இல் கிடைத்தது. 2024 செப்டம்பரில் ராங்புக் பனியாற்றில் ஒரு பூட்ஸும், இர்வின் பெயர் தைத்த காலுறையும் கிடைத்தன. கண்டெடுத்த குழுவை வழிநடத்தியவர் ஜிம்மி சின். நண்பன் விழுவானோ என்று பயந்துகொண்டே படமெடுத்த அதே மனிதர்.

மேலரியும் இர்வினும் கோடக் சட்டைப்பை கேமரா ஒன்றைக் கொண்டுபோனதாகக் கருதப்படுகிறது. அது இன்னும் கிடைக்கவில்லை. உச்சியைத் தொட்டார்களா என்பதை அந்தச் சுருள் சொல்லிவிடும் என்று பலர் தேடுகிறார்கள். எனக்கு அந்த விடையில் ஆவல் இல்லை. ஒரே ஒரு படம் மிஞ்சியிருந்தால், அது 22 வயது இர்வினை மேலரி எடுத்ததாக இருக்கட்டும் என்று விரும்புகிறேன். பார்த்தவருக்கும் பார்க்கப்பட்டவருக்கும் அங்கே ஒரே கயிறு, ஒரே குளிர்.