பூர்வீக ஊர் யாருடையது?



மே மாதம் தொடங்கி ஆகஸ்டு முடியும் மட்டும் நம் பகுதிக்கு வெளிநாட்டு உறவினர் வருகிற காலம். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திருச்சியில் விமானம் இறங்குகிறார்கள். பிரான்சிலிருந்து வருகிறவர்கள் சென்னையில் இறங்கி வாடகைக் கார் பிடிக்கிறார்கள். வேளாங்கண்ணிக்கு ஒரு நாள், பூம்புகாருக்கு ஒரு நாள், உறவினர் வீட்டில் இரண்டு வேளைச் சாப்பாடு. அவ்வளவில் பிரயாணம் முடிந்துவிடுகிறது. இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தகப்பனுடைய ஊர் பிள்ளைக்கும் ஊராகுமா? ஆகுமென்றால் அந்த ஊருக்கு அவன் என்ன கடன்பட்டிருக்கிறான்? ஊர் அவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல்தான், ஆசையோடு சந்தித்த அண்ணன் தம்பிகள் பத்தாம் நாள் முகம் கொடுத்துப் பேசாமல் பிரிந்து போகிறார்கள்.

போனவர்கள் எப்படிப் போனார்கள் என்பதை முதலில் பார்ப்போம். காரைக்கால் நமக்குத் தூரமில்லை. அந்தத் துறைமுகத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றினார்கள். குவாதலூப் தீவுக்கு முதல் கப்பல் 1854 டிசம்பரில் போய்ச் சேர்ந்தது. 1889 வரையில் அந்தத் தீவுக்கு மட்டும் இந்தியாவிலிருந்து போனவர்கள் ஏறத்தாழ 42,000 பேர். மொரீஷியஸுக்கு 1834 முதலே போனார்கள். 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைக்கு முதல் கூலியாட்களைக் கொண்டு சேர்த்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிமார் ஆள் பிடித்தார்கள். 1938-இல் இந்திய அரசு அதை நிறுத்தியது. அதற்குப் பிறகும் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர்களை நம் பெரியவர்கள் நன்றாக அறிவார்கள். எழுபதுகளில் ரஜூலா ஓய்ந்தது. பின்பு ஓடிய 'சிதம்பரம்' கப்பலும் 1984-இல் தீப்பிடித்த பிறகு கடல் வழிப் பயணம் நின்றுவிட்டது.

ஏன் போனார்கள் என்பதுதான் அதைவிட முக்கியம். வருகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லத்தான் நாம் தயங்குகிறோம். பச்சை வயல், பொன் விளையும் பூமி, சோழ நாடு சோறுடைத்து என்றெல்லாம் காரில் போகும்போது கதை சொல்லுகிறோம். சோறு விளைந்தது உண்மை. விளைவித்தவனுக்கு அது கிடைத்ததா? பண்ணையாளாகப் பிறந்தவன் கடனோடு பிறந்து கடனோடு செத்த நாடு இது. பண்ணையாட்களைக் காக்கவென்று 1952-இல் தஞ்சைக்குத் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும், 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் தீக்கிரையானார்கள். கிறிஸ்து பிறப்புத் திருநாள் இரவு அது. கோயில்களிலும் ஜாதிக்கொரு பக்கம், கல்லறையிலும் ஜாதிக்கொரு மூலை என்று இருந்த இடங்கள் உண்டு. ஆகவே கடல் கடந்தவர்களில் பலர் ஊரைப் பிரிந்து போகவில்லை, ஊரிடமிருந்து தப்பிப் போனார்கள். அப்படிப்பட்டவருடைய பேரன் வந்து நிற்கும்போது, "உன் பாட்டனார் ஊரை வணங்கு" என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

நான்காம் கற்பனை தாய் தந்தையரை மதிக்கச் சொல்கிறது. தாய் தந்தையர் பிறந்த ஊரை மதிக்க வேண்டும் என்று அதில் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். குவாலாலம்பூர்ப் பள்ளியில் படிக்கிற பெண்ணுக்கும், பாரீஸ் புறநகரில் வளர்ந்த பையனுக்கும் இந்த மண்ணைக் கண்டவுடன் கண்ணீர் வரவேண்டும் என்று தகப்பன் எதிர்பார்க்கிறார். வரவில்லை என்றால் மனம் நொந்துபோகிறார். பிள்ளையின் மேல் பிழை சொல்ல இதில் ஒன்றுமில்லை. மே மாதத்து வெயிலில் காவிரியைக் காட்டுகிறோம். ஆற்றில் மணல்தான் கிடக்கிறது. மேட்டூரில் ஜூன் 12-ந் தேதி தண்ணீர் திறப்பதாக வழக்கம்; திறந்தாலும் கடைமடையாகிய நம் பக்கம் வந்து சேர நாளாகும். "அப்பா சொன்ன ஆறு எங்கே?" என்று பையன் கேட்டால் அது திமிர் அல்ல, நியாயமான கேள்வி. அன்பைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. நாம் கடமையாகக் கேட்கக்கூடியது ஒன்றே: உண்மையைத் தெரிந்துகொள். உன் தகப்பன் எதிலிருந்து வந்தான் என்று அறிந்து கொள். அன்பு அதற்குப் பிறகு வந்தால் வரட்டும்.

பூம்புகாரை எடுத்துக் கொள்ளுங்கள். எல்லாக் குடும்பமும் அங்கே போகிறது. 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைச் சுற்றிப் பார்த்து, கடற்கரையில் படம் எடுத்துக் கொள்கிறார்கள். யவனர் வந்து வாணிபம் செய்த பட்டினம் என்று தகப்பனார் பெருமையாகச் சொல்கிறார். ஆனால் அந்தப் பட்டினம் எங்கே? கடல் கொண்டது என்று மணிமேகலை காவியமே சொல்கிறது. கீழையூரில் 1960-களில் தொல்பொருள் துறையினர் தோண்டி எடுத்த செங்கற் படகுத்துறை ஒன்று, பல்லவனீச்சுரத்தில் புத்த விகாரையின் அடித்தளம் ஒன்று, கடலடியில் கடலாய்வு நிறுவனத்தார் தேடிக் கண்ட சில கட்டுமானங்கள். கண்ணுக்குக் காட்டக்கூடியது அவ்வளவே. ஆறு திசை மாறுகிறது, கரை உள்ளே வருகிறது. முன்னோர் நின்ற அதே மண்ணில் நிற்கிறோம் என்று எண்ணுவது இந்த ஊரில் பெரும்பாலும் கற்பனைதான். மாவட்டத்தின் பெயர்கூட மாறிவிட்டது. 2020 முதல் நாம் மயிலாடுதுறை மாவட்டம்.

மண் இப்படி நிலையில்லாதது என்றால், ஊர் என்று மிஞ்சுவது எது? இருந்தவர்கள். 2004 டிசம்பர் 26-இல் கடல் மறுபடி எழுந்தபோது, அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். படம் எடுக்கிற இந்தக் கரையோரத்துக் குடும்பங்களில் பல, அன்று பிள்ளைகளைப் புதைத்தவை. மறுபடியும் வலை பின்னி, மறுபடியும் கடலுக்குப் போனார்கள். வருகிறவர் வணங்க விரும்பினால் அவர்களைத்தான் வணங்க வேண்டும் என்பது என் எண்ணம். கலைக்கூடத்துச் சிற்பத்துக்கு அரைமணி கொடுப்பவர், ஓலைப் பந்தலில் மீன் காய வைக்கும் கிழவியிடம் இரண்டு வார்த்தை பேசக் கூடாதா?

இனி, எல்லோரும் மனதுக்குள் வைத்திருந்து யாரும் வெளியே சொல்லாத விஷயம்: பங்கு. வீடும் நிலமும்.

அண்ணன் ஊரில் இருக்கிறார், தம்பி வெளியூர் போனவர் என்று வைத்துக் கொள்வோம். தாயார் ஐந்து வருஷம் படுக்கையில் கிடந்தபோது மலம் மூத்திரம் எடுத்தவள் அண்ணி. அதே ஐந்து வருஷமும் மருந்துக்குப் பணம் அனுப்பியவர் தம்பி. உயில் இல்லாமல் தாயார் காலமானார். கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு. ஆண், பெண் வித்தியாசமில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவருக்கும் பரம்பரைச் சொத்தில் பங்கு போய்விடுவதில்லை. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணி எடுத்த மலம் எந்தக் கணக்கில் வரும்? தம்பி இரட்டை வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் கட்டிய மெத்தை வீடு எந்தக் கணக்கில் வரும்?

சட்டம் பிரிக்கும், நியாயம் பார்ப்பது சகோதரர்கள் வேலை. போனவர் தம் பங்கைக் கேட்பது பாவம் அல்ல. இருந்தவர் கூடுதலாக எதிர்பார்ப்பதும் பேராசை அல்ல. தப்பு எங்கே வருகிறதென்றால், விடுமுறையின் கடைசி இரண்டு நாளில் வருகிறது. விமானத்துக்கு நேரமாகும்போது, படித்துப் பார்க்க அவகாசம் கொடுக்காமல், விடுதலைப் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குகிறவர் இருக்கிறார். பிள்ளைகளுக்கு ஊரைக் காட்ட வந்தேன் என்று சொல்லி, பெட்டிக்குள் வக்கீல் கடிதத்தோடு வருகிறவரும் இருக்கிறார். இரண்டும் ஒன்றுதான். ஊர்ப் பாசத்தை முகமூடியாகப் போடுவது திருட்டைவிடக் கீழானது. திருடனாவது தன்னைத் தம்பி என்று சொல்லிக் கொண்டு வருவதில்லை. சொத்துப் பேச வேண்டுமானால் டிக்கெட் எடுக்கும் முன்பே, தொலைபேசியில், சகோதரிகளையும் சேர்த்துக் கொண்டு பேசிவிடுங்கள். அண்ணியை ஒரு வார்த்தை கேளுங்கள். அடுக்களையில் இருப்பவளை யாரும் கேட்பதில்லை.

ஊர்க்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விருந்தாளி வந்ததும் அவருடைய செயின், கைபேசி, பையின் கனம் இவற்றை நம் கண் எடை போடுகிறது. தீவிலிருந்து வந்தவருக்கு அடுத்த மாதத் தவணைக் கடன் அங்கே காத்திருப்பது நமக்குத் தெரியாது. அவருடைய பிள்ளைகள் தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசினால் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிள்ளை மறுபடி வராது.

தேடி வருகிறவர்களில் நான்கைந்து தலைமுறைக்குப் பின் வருபவர்கள் தனி ரகம். அவர்களுக்குச் சொத்து வேண்டாம், உறவினர் யாரென்றும் தெரியாது. குவாதலூப், ரீயூனியன் தீவுகளிலே முதலில் போனவரின் பெயரே குடும்பப் பெயராகி, பிரெஞ்சு எழுத்தில் உருமாறி நிற்கிறது. முத்துசாமி என்ற ஒரு கூலியாள் நூறு பேருக்குக் கடைசிப் பெயராகிவிட்டார். கப்பல் பட்டியல்களில் தகப்பன் பெயரும் கிராமமும் எழுதியிருப்பது உண்டு. மொரீஷியஸில் மோகா என்ற இடத்திலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் அத்தகைய பழைய ஏடுகளைக் காத்து வருகிறது. எழுதிய வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினான். ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் எந்த ஊரென்று பிடிபடும். அப்படி ஒருவர் காகிதத்தோடு வந்தால், அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, வயதானவர் யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். முன்னோர் கிறிஸ்தவராயிருந்தால் பங்கு ஞானஸ்நானப் பதிவேட்டிலும் தேடலாம். ஆண்டு உத்தேசமாகவாவது தெரிந்திருக்க வேண்டும், தகப்பன் பெயரும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த அவசரத்தில் கேட்காமல், வார நாளில் காலையில் வரச் சொல்லுங்கள்.