கடிகாரத்தைச் சேவலாகக் கண்டவர்

தேனி மாவட்டத்தின் தேவாரம் என்ற ஊரில் ஒரு குழந்தையிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, "உனக்குப் பிடிச்ச படம் ஒண்ணு வரை" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் உதிக்கிற சூரியன், கீழே ஒரு ஆறு, ஓரத்தில் தென்னை மரம். தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகள் வரைகிற அதே படம்தான் பெரும்பாலும் வரும். ஆனால் தேவாரத்தை ஒட்டி நிற்கிற மலை மேற்கே இருக்கிறது. அந்தப் பக்கம் சூரியன் அடையத்தான் செய்யும். வாசலில் நின்றாலே கண்ணில் படுகிற மலையை விட்டுவிட்டு, யாரோ வரைந்த மலையைப் பிள்ளை கடன் வாங்குகிறது.

அப்படிக் கடன் வாங்காத ஓவியர் ஒருவர் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கட் கிராமத்தில் 1971இல் பிறந்த கோண்டு பழங்குடிக்காரர் பஜ்ஜு ஷியாம். பிழைப்புக்காகப் போபால் வந்து இரவுக் காவலாளியாகவும் வேலை பார்த்தவர். உறவினரான ஓவியர் ஜங்கர் சிங் ஷியாமிடம் தொழில் பழகினார். 2002இல் லண்டனில் ஒரு இந்திய உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்டப் போனார். திரும்பி வந்து, தான் பார்த்த ஊரைப் படங்களாகச் சொன்னார். சென்னையின் தாரா புக்ஸ் 2004இல் அதை 'தி லண்டன் ஜங்கிள் புக்' என்று புத்தகமாக்கியது.

அந்த லண்டன், அஞ்சலட்டையில் வருகிற லண்டன் இல்லை. பிக் பென் கோபுரம் சேவலோடு சேர்ந்து நிற்கிறது. கடிகார முகமே சேவலின் கண். கோண்டு மக்களுக்கு நேரம் சொல்வது சேவல்தானே! சுரங்க ரயில் பூமிக்குள் நெளிகிற மண்புழு. அவரை ஏற்றிப் போன விமானம், பறக்கிற யானை. இருட்டியதும் மதுக்கடைகளில் கூடுகிற ஆங்கிலேயர்கள், வௌவால்கள்! 'தி ஜங்கிள் புக்' எழுதி இந்தியக் காட்டைக் கதையாக்கியவர் கிப்ளிங் என்ற ஆங்கிலேயர். நூறாண்டு கழித்து அந்தக் காட்டுப் பக்கத்துக்காரர் ஒருவர் கிப்ளிங்கின் நாட்டைத் தன் கண்ணால் அளந்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

உலகின் மறுகோடியில் மெக்சிகோக்காரரான டங்கன் டொனாட்டியூவும் இதே வழிக்காரர். நியூயார்க்கில் ஓவியம் படித்தபோது, தன் நாட்டின் மிக்ஸ்டெக் பழங்குடி மக்களின் பழைய சித்திரச் சுவடிகளின் பாணியைக் கையில் எடுத்தார். அவருடைய மனிதர்கள் எப்போதும் பக்கவாட்டில்தான் நிற்பார்கள். காது '3' என்ற எண் போல இருக்கும். அந்தப் பழங்கோட்டில் அவர் வரைந்ததோ இன்றைய கதை. 2013இல் வந்த அவருடைய புத்தகத்தில், மழை பொய்த்ததால் கேரட், கீரைத் தோட்ட வேலைக்கு வடக்கே போன அப்பா முயலைத் தேடி மகன் முயல் கிளம்புகிறது.

இருவரும் பாட்டன் சொத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. அதை எடுத்து, கண்முன் நடப்பதைச் சொல்லப் பயன்படுத்தினார்கள். மரபு பிழைப்பது அப்படித்தான்.

தேவாரத்துப் பிள்ளைக்கும் சொல்லக் கதை இருக்கிறது. விடியுமுன் தூக்குவாளியோடு கிளம்பி, ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, கேரள எல்லை தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிற அம்மாக்களும் அப்பாக்களும் அங்கே உண்டு. அந்த வளைவுகளில் ஏறுகிற ஜீப் எந்த மிருகம் மாதிரி? இன்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடம், தினமும் தன் கண்ணில் படுகிற ஒன்றைக் காட்டி இப்படிக் கேளுங்கள். வண்டு என்றால் வண்டு, கரடி என்றால் கரடி. வரைந்து முடிக்கும்வரை ரப்பரை மட்டும் நீங்கள் கையில் எடுக்காதீர்கள்.