மீனுக்கு ஊசி

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில், கருவாட்டு மூட்டைகளின் நெடியினூடே நடந்து சென்று, ஏதேனும் ஒரு கடையில் 'சமன்' ரின் ஒன்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கிடைப்பது கானாங்கெளுத்தி இனத்து மீனே. உண்மையான சமன் மீனை அத்தெருவில் மூட்டை சுமப்போருள் எத்தனை பேர் கண்டிருப்பர்? பெயர் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது, மீன் வரவில்லை. பண்ணை மீனைப் பற்றீரியா நோயினின்றும் காக்கும் தடுப்பூசியின் கதையும் இத்தகையதே.

நோர்வேயில் 1987ஆம் ஆண்டில், ஐம்பதினாயிரம் தொன்னளவு பண்ணை மீனை வளர்த்தெடுக்க, ஏறத்தாழ 48 தொன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கடலிற் கொட்டப்பட்டது. தீனியிற் கலந்து கொடுக்கும் மருந்தில் ஒரு பகுதி உண்ணப்படாமலே அடிச்சேற்றிற் படியும். அங்கு வாழும் பற்றீரியாக்கள் மருந்தை எதிர்த்து நிற்கப் பழகும். பழகிய அத்திறனைப் பிற பற்றீரியாக்களுக்கும், மனிதனைத் தாக்குபவை உட்பட, கைமாற்றிக் கொடுக்கும். ஆகவே பண்ணைக்காரன் தன் மீனைக் காக்கச் செலவிடும் மருந்து, எங்கோ ஓர் ஆசுப்பத்திரியில் நிமோனியாவோடு கிடக்கும் குழந்தையின் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. அக்குழந்தையை எவரும் கேட்பதில்லை.

தடுப்பூசி இந்த நிலையை மாற்றியது. நோய்க்கிருமியை வளர்த்து, போர்மலினாற் கொன்று, எண்ணெயிற் குழைத்து, மயக்கமூட்டிய குஞ்சு மீனின் வயிற்றிற் செலுத்துகின்றனர். ஒரு துளியளவே போதும். மீனின் உடல் பிறபொருளெதிரிகளை ஆக்கிக்கொண்ட பின்னரே அது கடலுக்குச் செல்கிறது. இன்று நோர்வேயின் உற்பத்தி பத்து இலட்சம் தொன்னை விஞ்சி நிற்க, நுண்ணுயிர்க்கொல்லியின் அளவோ ஆண்டுக்கு ஒரு தொன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. விஞ்ஞானத்தின் வெற்றி என்று இதனைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. எண்ணெய் வயிற்றினுள்ளே தங்கி உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டச் செய்வதுண்டு என்பதையும் உடன் சொல்லிவிடுவதே நேர்மை.

இங்கே நண்பரொருவர் மறித்தார். "நோய் வருவதற்குக் காரணம் நெருக்கடி. ஒரு கூட்டிற் பல்லாயிரம் மீனை அடைத்துவிட்டு ஊசி போடுவது, அடைத்தவனின் பேராசைக்குத் துணைபோவதாகாதா?" எளிதிற் தள்ளிவிடக் கூடிய கேள்வியன்று இது. மலையகத்து லயன் அறைகளை எண்ணிப் பார்த்தேன். பத்தடி அறையிற் பலரை அடைத்ததே நோய்க்குக் காரணம் என்பதற்காக, அங்கு பிறந்த குழந்தைக்கு அம்மைப்பால் குத்தக் கூடாதென்று நம்மில் எவரேனும் வாதாடுவோமா? குத்தத்தான் வேண்டும், லயனை இடிக்கவும் வேண்டும். ஆயினும் ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. லயத்துத் தொழிலாளி சங்கம் அமைப்பான், மீன் அமைக்காது. நோய் குறைந்ததும் முதலாளி இன்னும் சில கூடுகளை இறக்குவான். நோர்வேயில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. பற்றீரியா அடங்கியது, பண்ணைகள் பெருகின, கடற்பேன் பெருகியது. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் கடற்கூடுகளிற் செத்த சமன் மீன்கள் ஆறு கோடிக்கும் மேல். நண்பரின் பக்கத்திலும் உண்மையுண்டு என்றே கொள்கிறேன்.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. சிலி நாட்டிலும் அதே சமன் மீன், நோர்வே மூலதனமும் அங்கே உண்டு. அங்குள்ள பிசிறிக்கெற்சியா என்னும் பற்றீரியாவுக்குப் போடப்படும் ஊசிகளின் காப்பு நெடுநாள் நிலைப்பதில்லை. 2014இல் அந்நாட்டுப் பண்ணைகள் பயன்படுத்திய நுண்ணுயிர்க்கொல்லி ஐந்நூறு தொன்னைத் தாண்டியது. ஓரிடத்தில் தூய்மையாளன் என்று பெயரெடுத்த மூலதனம், மற்றோரிடத்தில் அதே மருந்தை வாரி இறைப்பதற்குக் கூசவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். 1952இல் இலங்கைக் குளங்களில் விடப்பட்ட திலாப்பியா ஏழையின் மீன். இந்தியக் குளங்களின் றோகுவும் கட்லாவும் அவ்வாறே. ஒரு சமன் மீன் தரும் விலை, ஒவ்வொன்றாய்ப் பிடித்து ஊசி போடும் கூலியைத் தாங்கும். ஒரு றோகுவின் விலை தாங்காது. மீனுக்கு நோய்த்தடுப்புக் கொடுக்கலாம் என்பதைக் கனடாவில் டஃப் என்பவர் 1942லேயே, தீனியில் மருந்து கலந்து காட்டினார். எண்பதாண்டுகளுக்குப் பின்னரும் அந்த அறிவு பெரும்பாலும் விலையுயர்ந்த மீனையே தேடிப் போகிறது. புத்தளத்து இறால் பண்ணைக்காரனுக்கோ அதுவுமில்லை: இறாலின் உடலில் பிறபொருளெதிரியே இல்லாமையால், நாம் அறிந்த வகைத் தடுப்பூசி அதற்குப் பொருந்தாது, நல்ல நீரும் நோயற்ற குஞ்சும் இடைவெளியுமே அதற்குரிய காப்பு.

பொதுப்பணத்தில் இயங்கும் மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம், குளத்து மீன்களை வருத்தும் இரு பற்றீரியா நோய்களுக்கான தடுப்பு மருந்தை உருவாக்க, 2023இல் இந்தியன் இம்யூனலாஜிக்கல்சுடன் கைகோத்தது. அந்நிறுவனமும் தேசியப் பால்வள வாரியத்தின் உடைமையே. குஞ்சு மீன்களை மருந்து கலந்த நீரிற் சிறிது நேரம் அமிழ்த்தி எடுக்கும் முறையும் உண்டு; ஊசியும் வேண்டாம், மயக்கமும் வேண்டாம், வாளி ஒன்று போதும். அந்த வாளி மருந்தின் விலை என்னவாயிருக்கும் என்பதை, நான்காம் குறுக்குத் தெருவில் மூட்டை இறக்கிவிட்டு மாலையில் அரைக் கிலோ மீன் வாங்கப் போகும் மனிதனின் சட்டைப்பையிலிருந்து கணக்கிடத் தொடங்குவார்களா?