கேட்டு வளரும் மரம்

பையன் படிப்பில் மந்தம் என்றால், "பிறவி அப்படி" என்று பெற்றவர்கள் ஒரே வார்த்தையில் தப்பித்துக்கொள்கிறார்கள். பழி பிரம்மாவின் தலையில். ஊரார் பழியை வளர்ப்பின் மேல், அதாவது தாயாரின் தலையில், போடுகிறார்கள். மூளை உருவாகும் விதத்தைப் படித்த பிறகு, இந்த வழக்கு அவ்வளவு சுலபத்தில் தீராது என்று எனக்குத் தோன்றிற்று.

நரம்பணு ஒரு சின்ன மரம். அதன் கிளைகளில் ஏற்பிகள் என்ற புரதங்கள் இருக்கின்றன. பக்கத்து அணு குளூட்டமேட் என்ற ரசாயனத்தைச் சிந்தினால் அவை பிடித்துக்கொள்ளும். வெறும் தபால் பெட்டி என்றுதான் நினைப்போம். ஆனால் வளரும் பருவத்தில் இந்தப் பெட்டி வீட்டையே கட்டுகிறது! செய்தி வந்ததும் சில ஏற்பிகள் கால்ஷியத்தை உள்ளே விடுகின்றன. கிளை நிலைப்பதற்கு அது ஒரு சமிக்ஞை. 1998-இல் அமெரிக்காவில் ராஜனும் க்ளைனும் தலைப்பிரட்டையின் மூளையில் அந்த ஏற்பிகளை மருந்தால் அடைத்துப் பார்த்தார்கள். இளம் அணுக்களின் கிளைகள் சரியாக வளரவில்லை.

திருச்சிக்காரர்களுக்கு இது புரியும். முக்கொம்பில் காவிரி பிரிகிறது. பள்ளமான கொள்ளிடம் தண்ணீரை இழுத்துக்கொள்ள, காவிரியின் படுகை மண் மேடிட்டுவந்தது. 1830-களில் ஆர்தர் காட்டன் மேலணை கட்டியது அதனால்தான். ஆறு வழியை வெட்டுவது போலவே, வழி தூர்ந்தால் ஆறும் போய்விடுகிறது.

ஸ்ரீரங்கத்தில் பிரபந்தம் கற்பிக்கும் முறைக்குச் 'சந்தை' என்று பெயர். குரு ஒரு தரம் சொல்ல, சிஷ்யன் இரண்டு தரம் சொல்லுவான். கேட்கக் கேட்கக் காதே பக்குவமாகிறது.

அப்படியானால் பொறுப்பு யாருடையது? ஏற்பியைக் கொடுத்தது பிறவி. செய்தியை அனுப்புவது நாம். வசவையே கேட்டு வளர்ந்தவன் கடுமையாகப் பேசினால் அவனை மட்டும் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அதற்காக அவனை அடியோடு விடுவிக்கவும் முடியாது. வளர்ந்த பிறகும் மனிதன் கற்கிறான். எதைக் கேட்பது என்று கொஞ்சமாவது தேர்ந்தெடுக்கிறான்.

சென்னை ஐ.ஐ.டி. 2024 டிசம்பரில் கருவிலுள்ள சிசுவின் மூளையை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சீவல்களாகப் படமெடுத்து, 'தரணி' என்று பெயரிட்டு வெளியிட்டது. யாரும் பார்க்கலாம். அதில் எந்தக் கிளையிலும் 'மந்தம்' என்று எழுதியிருக்காது. அதை எழுதுகிறவர்கள் வெளியே இருக்கிறோம். "பிறவி அப்படி" என்று நாம் கூடத்தில் சொல்லும்போது, பையன் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.