யார் வீட்டுக் கதவு?

அடி வாங்கிய மனிதர் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன். 2008இல் வந்த ஓர் ஆவணப்படம் அது. 1976இல் ஹவாயின் ஓஆஹு தீவு வடகரையில், சன்செட் கடற்கரையில், உள்ளூர்க்காரர்கள் தன்னைத் தண்ணீரில் வைத்தே அடித்துப் பல்லை உடைத்ததைச் சொல்கிறார் வேய்ன் பார்த்தலமியூ என்கிற ஆஸ்திரேலிய அலைச்சறுக்கு வீரர். 'நல்லா வேணும்' என்றுதான் முதலில் தோன்றியது. ராத்திரி படுத்த பிறகு உறுத்த ஆரம்பித்தது. அடுத்தவன் மேல் அடி விழுந்தால் குளிர்ந்துபோகிற இந்த மனசு யாருடையது? ஊர்த்தெருவில் நம்மாளை அடிக்கும்போது திண்ணையில் உட்கார்ந்து பார்த்தானே, அவனுக்கும் இப்படித்தானே குளிர்ந்திருக்கும்?

நடந்தது இதுதான். 1975 குளிர்காலத்தில் வடகரைப் போட்டிகளில் ஆஸ்திரேலியர்களும் தென்னாப்பிரிக்கர்களும் வந்து பரிசுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். பைப்லைன் போட்டியில் டர்பன் நகரத்து ஷான் டாம்சன் ஜெயித்தார். டியூக் பெயரிலான போட்டியில் இயன் கெய்ர்ன்ஸ். 1976இல் உலகச் சுற்றுப் போட்டி முறையாகத் தொடங்கியது. விளையாட்டு தொழிலாக மாறுகிற நேரம். அப்போதுதான் பார்த்தலமியூ அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதினார். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறோம் என்று தலைப்பு. கெய்ர்ன்ஸும் தங்கள் ஆட்டம்தான் உசத்தி என்று வாய் விட்டுக்கொண்டிருந்தார்.

பார்த்தலமியூவும் வசதியான வீட்டுப் பிள்ளை இல்லை. அம்மா தனியாக நின்று வளர்த்த, வறுமை பார்த்த பையன். அவர் கணக்கில் கதவு என்றால் வாய்ப்பு, பணம், பேர். பூட்டியிருந்தது, உடைத்தோம். நாமும் கோயில் கதவு, டீக்கடை பெஞ்சு என்று பேசிப் பேசி வளர்ந்தவர்கள். கதவை உடைக்கிறேன் என்று எவன் சொன்னாலும் நம்ம ஆள் என்று நினைத்துவிடுவோம். ஆனால் அது யார் வீட்டுக் கதவு?

ஹவாய் மொழியில் இந்த விளையாட்டுக்கு 'ஹேஎ நலு' என்று பேர். அலையில் சறுக்குவது என்றுதான் அர்த்தம். நம் தமிழ்ச் சொல்லும் தற்செயலாக அதேதான். 1820இல் வந்த பாதிரிமார்களுக்கு அது பிடிக்கவில்லை. வெள்ளையர் கொண்டுவந்த நோய்களில் சனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1893இல் கரும்பு முதலாளிகளும் வியாபாரிகளும் அமெரிக்கப் படை கரையிறங்கிய தைரியத்தில் ராணி லிலியுஓகலானியை இறக்கினார்கள். 1898இல் அமெரிக்கா தீவுகளை விழுங்கியது. 1908இல் வைகீகீயில் வெள்ளையர்கள் கூடி அலைச்சறுக்குச் சங்கம் வைத்தார்கள். யார் விளையாட்டுக்கு யார் சங்கம்! 1911இல் டியூக் கஹனமோக்கு முதலியவர்கள் தங்களுக்கென்று வேறு சங்கம் கண்டார்கள். அதே டியூக்தான் 1914 டிசம்பரில் சிட்னி கடற்கரையில் மரப்பலகை செதுக்கி, அலைமேல் நின்று காட்டி, ஆஸ்திரேலியர்களுக்கு இதைப் பிரபலமாக்கியவர். அறுபத்திரண்டு வருஷம் கழித்து அந்தச் சிஷ்யர்களின் பேரப்பிள்ளைகள் வந்து, உன்னைவிட நாங்கள் மேல் என்கிறார்கள்.

நிலம் போச்சு, ராஜ்ஜியம் போச்சு, பாஷையும் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே போச்சு. மிச்சம் இருந்தது அந்த அலை. கஹோஓலவே தீவில் அமெரிக்கக் கடற்படை குண்டு போட்டுப் பழகுவதை எதிர்த்து 1976 ஜனவரியில் ஒன்பது பேர் கரையேறினார்கள். அந்த வருஷத்துக் கோபத்தில்தான் அடி விழுந்தது. விழுந்தது கடற்படைமேல் இல்லை, கரும்பு முதலாளிமேல் இல்லை. வாய்க்கொழுப்பெடுத்த இருபத்தொரு வயசுப் பையன் மேல். கைக்கு எட்டினவன் அவன்தான்.

இந்த இடத்தில்தான் எட்டி ஐகாவ் வருகிறார். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இவர் குடும்பம் ஹொனலுலுவில் சீனர்களின் இடுகாட்டுக்குள் குடியிருந்தது. வாடகைக்குப் பதிலாக இடுகாட்டைப் பராமரிக்கிற வேலை. படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏன் என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பள்ளிப்படிப்பை விட்டு டோல் கம்பெனியின் அன்னாசி ஆலைக்கு வேலைக்குப் போனார். ராணியை இறக்கிய பிறகு குடியரசுத் தலைவராக உட்கார்ந்தவரும் ஒரு டோல், கம்பெனி முதலாளியின் உறவினர். 1968 முதல் வைமேயா கடற்கரையில் உயிர்காப்பாளர். உள்ளூர்க்காரனா வெளியூர்க்காரனா என்று பார்க்காமல் நூற்றுக்கணக்கானவர்களை இழுத்துக் கரைசேர்த்தார்.

1970களின் தொடக்கத்தில் போட்டிக்காக டர்பனுக்குப் போனார். தோல் நிறத்தைப் பார்த்து ஹோட்டலில் இடமில்லை என்றார்கள். 1860இல் சென்னையிலிருந்து முதல் கூலிக்கப்பல் போய் இறங்கிய அதே டர்பன். கூலிகளாகப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் வெள்ளையர் கடற்கரையில் கால் வைக்க அனுமதியில்லை. ஐகாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனவர் ஷான் டாம்சனின் அப்பா.

1976இல் கொலை மிரட்டலுக்குப் பயந்து பார்த்தலமியூவும் கெய்ர்ன்ஸும் குயிலிமா ஹோட்டலில் ஒளிந்து கிடந்தபோது, அங்கேயே பஞ்சாயத்துக்கு ஏற்பாடு செய்தவர் ஐகாவ். உள்ளூர்க்காரர்கள் திரண்டு வந்தார்கள். வெள்ளைக்காரப் பையன்கள் நடுவில் உட்கார்ந்து, தாங்கள் பேசியது எதை மிதித்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. உயிர் தப்பியது, போட்டிகளும் நடந்தன.

இதைக் 'கருணை' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தையில் சந்தேகம் உண்டு. ஹோட்டலில் இடமில்லை என்று விரட்டப்பட்டவன், இடுகாட்டில் வளர்ந்தவன், அவனிடம்தான் எப்போதும் கருணை கேட்கிறார்கள். டர்பன் ஹோட்டல்காரனிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் ஐகாவ் செய்தது 'போகட்டும் விடு' என்பதில்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றது யார் என்று நமக்குத் தெரியும். இங்கே நின்று கேட்டது மறுபக்கம். அடியில் பையனுக்குப் புரிந்தது வலி மட்டும்தான். எதற்கு வலித்தது என்பது அந்த அறையில்தான் புரிந்திருக்கிறது.

இதைத் தோழர் ஒருவரிடம் சொன்னேன். "அடி விழலன்னா அந்த ரூமுக்கு அவனுங்க வந்திருப்பானுங்களாய்யா?" என்று கேட்டார். வந்திருக்க மாட்டார்கள். அதனால் அந்த அடி சரியாகிவிடுமா என்றேன். நீ ரொம்பப் படிச்சுட்ட என்றார். மூன்று மாதமாக இதே சண்டை எங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

1978 மார்ச்சில் ஹோகுலேஆ என்ற பழைய பாணிப் படகு ஹவாய்க் கடலில் கவிழ்ந்தது. உதவி கூட்டிவர ஐகாவ் பலகையில் ஏறித் துடுப்புப் போட்டுக் கிளம்பினார். மற்றவர்களை மீட்டுவிட்டார்கள். அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. வயது 31.